லிஸ்ட்டு போட்டு மலை பாக்க வர்ற மருமகனுக்கு

மருமகனே, போன்ல நீ அனுப்புன லிஸ்ட்டைப் பாத்தேன். ‘சாவதற்கு முன் பார்க்க வேண்டிய இடங்கள்’னு தலைப்பு. அந்தக் காரியத்துக்கு உன்னைவிட நான்தானே கிட்டத்துல இருக்கேன், அதனால எனக்குத்தான் டிக்கெட் போடுறான்னு ஒரு நிமிஷம் சந்தோசப்பட்டுட்டேன். அப்புறம்தான் புரிஞ்சுச்சு, போறது நீ. யோசனை மட்டும் என்கிட்ட. உள்நாட்டுக்கு ஊட்டி, கொடைக்கானல், மூணாறு, தேக்கடி, வாகமண், கவி. வெளிநாட்டுக்கு நுவரெலியா, கேமரன் மலை, சுவிட்சர்லாந்து. எல்லாம் சரி. உன் கம்பெனிக்காரன் உனக்குக் குடுக்குற லீவுல இதையெல்லாம் பாக்கணும்னா பஸ்ஸை விட்டே நீ எறங்கக் கூடாது.

யோசனைதானே, காசா பணமா? சொல்றேன், கேட்டுக்க. பீர்மேட்டுல தோட்டத்து லைன்வீட்டுல, அதான் லயத்துல, பொறந்து, கொழுந்து நெறுத்து, இடுப்பு ஒடிஞ்சு ரிட்டயர் ஆகி, ரோட்டோரத்துல பெட்டிக்கடை வச்சு, வர்றவன் போறவனைப் பாத்துக்கிட்டிருக்கிற கெழவன் சொல்லு இது. கேட்டா கேளு, கேக்காட்டி விடு. மலை எங்கேயும் போயிடாது. மழைக்காலத்துல மட்டும் அதையும் உறுதியாச் சொல்ல முடியாது. அதுக்கு அப்புறம் வர்றேன்.

மொதல்ல எங்க ஊரு. கோட்டயம் பக்கமிருந்து வந்தா முண்டக்கயம் தாண்டினதும் ஏத்தம். கம்பம், கூடலூர் வழியா வந்தா குமுளி ஏத்தம். எந்தப் பக்கம் ஏறுனாலும் உங்க பட்டணத்துக் கூட்டம் பாதி வாந்தியை எங்க ரோட்டுக்கு எழுதி வச்சுட்டுத்தான் மேல வருது. கோட்டயம்–குமுளி ரோட்டை நாங்க கே.கே. ரோடும்போம். குட்டிக்கானத்துக்குக் கீழே வளஞ்சங்கானம் அருவி ரோட்டு மேலேயே வந்து விழும். வண்டி வண்டியா வந்து எறங்குறாங்க. எறங்குன ஒடனே அருவிக்கு முதுகைக் காட்டி நிக்கிறாங்க. அம்புட்டு தூரம் வந்து, அருவியைப் பின்னாடி விட்டுட்டு, கையில இருக்கிற போனைப் பாத்துப் பல்லைக் காட்டுறாங்க. அந்த அருவிக்கு என்ன தோணும்னு நான் யோசிக்கிறதுண்டு.

பருந்தும்பாறைன்னு ஒரு இடம். அங்க ஒரு பாறை தாகூர் தலை மாதிரி இருக்குன்னு காட்டுவாங்க. ‘தாடி தெரியுதா, மூக்கு தெரியுதா’ன்னு குடும்பத்தோட நின்னு ஆராய்ச்சி பண்ணுவாங்க. பக்கத்துல நெசத் தாடியோட உயிருள்ள கெழவன் நிப்பான். அவன்கிட்ட வழி கேக்கிறதோட சரி. குட்டிக்கானத்துல திருவிதாங்கூர் மகாராஜா கோடைக்கு வந்து தங்குன அரண்மனை இருக்கு. ராஜாங்கம் நடத்துனவருக்கே உக்காந்து காத்து வாங்க நேரம் இருந்துச்சு. நீ பத்து மணிக்கு வந்து பத்தரைக்கு ‘அடுத்த பாயிண்ட் எங்க’ன்னு கேக்கிறே. ராஜாவைவிட உனக்குத்தான் ஜோலி ஜாஸ்தி.

அதுக்கெல்லாம் ரொம்ப முந்தி இந்த மலைக்கு பீர் முகம்மது அப்பா வந்து தவம் இருந்தாருன்னு சொல்லுவாங்க. தென்காசியில பொறந்து தக்கலையில அடங்குன தமிழ் சூஃபிக் கவிஞர். இங்க வந்து கண்ணை மூடி உக்காந்தாராம். கண்ணை மூடுனவரு பேரு ஊருக்கே நின்னுபோச்சு. கண்ணைத் தொறந்துக்கிட்டு ஆயிரம் படம் புடிச்சவன் பேரு ஒரு மைல்கல்லுல கூட இல்லை. இதை நல்லா யோசிச்சுக்க.

இப்ப விசயத்துக்கு வர்றேன். தேயிலைத் தோட்டத்தைக் கண்டதும் ‘ஆகா, என்ன இயற்கை!’ன்னு நீ கத்துவே. பச்சைக் கம்பளம் விரிச்ச மாதிரின்னு படத்துக்குக் கீழே எழுதுவே. எல்லாரும் அதைத்தான் எழுதுறாங்க, நீ மட்டும் மாத்தி எழுதுனா ஒத்துக்க மாட்டாங்க. ஆனா மாமன் ஒரு திருத்தம் சொல்லுறேன். தேயிலை இந்த மலையில தானா மொளைச்சது இல்லை, நட்டது. இடையில நிழலுக்கு நிக்கிற சில்வர் ஓக்கு ஆஸ்திரேலியாக்காரன். யூகலிப்டஸும் அங்கேயிருந்து வந்தவன்தான். ஃபாக்டரி அடுப்புக்கு வெறகு வேணும்னு நட்டாங்க. தேயிலைக்கு முந்தி வெள்ளைக்காரன் இங்க காப்பி போட்டான். எலையில துரு நோய் விழுந்ததும் காப்பி போச்சு, தேயிலை வந்துச்சு. இலங்கையில 1869-ல அந்த நோய் தலைகாட்டுச்சு. அங்கேயும் இதே கதைதான்.

தேயிலையை வெட்டாம விட்டா மரமாயிரும், தெரியுமா உனக்கு? அது செடியா நிக்கிறதுக்குக் காரணம் கவ்வாத்துக் கத்தி. சில வருசத்துக்கொருக்கா கட்டையா வெட்டி விடுவோம். அப்புறம் வாராவாரம் கொழுந்து கிள்ளிக் கிள்ளியே மட்டம் கட்டுவோம். கொழுந்தெடுக்கிற பொம்பளைக்குக் கை எட்டணும், அதுதான் கணக்கு. நீ மெய்மறந்து பாக்குற அந்த மட்டம் இருக்கே, அது அவ இடுப்பு அளவு. மலைக்கு அளவெடுத்துச் சட்டை தைச்சது அவ. பேரு வாங்குறது இயற்கை.

நம்பலேன்னா பூட்டிக் கெடந்த தோட்டத்தைப் போய்ப் பாரு. 2000-ஐ ஒட்டித் தேயிலை வெலை படுத்தப்ப எங்க பீர்மேடு தாலுகாவுல பல எஸ்டேட்டைப் பூட்டிட்டுப் போனாங்க. சம்பளம் பாக்கி, கிராஜுவிட்டி பாக்கி, லயத்துக்கு ஓடு மாத்துறதும் பாக்கி. கத்தி படாத தேயிலை ஆள் ஒசரத்துக்கு மேல வளந்து காடாயிருச்சு. நெசமான இயற்கை அதுதான். அதைப் பாக்க ஒரு காரும் வரலை.

உன் ஆத்தா, அதான் என் தங்கச்சி, இதே மலையில லயத்துல பொறந்தவதான். எங்க தாத்தனை ஆள் புடிக்கிற கங்காணி திருநெல்வேலிப் பக்கமிருந்து முன்பணம் குடுத்து ஏத்திக்கிட்டு வந்தான். அந்த முன்பணத்தைக் கழிக்கவே அவருக்கு ஆயுசு பத்தலை. நீயும் சின்னதுல லீவுக்கு வந்து, அட்டை கடிச்சுதுன்னு ஒப்பாரி வச்சு, ‘இந்த ஊருக்கு இனிமே வரமாட்டேன்’னு சபதம் போட்டவன்தான். இப்ப அதே அட்டைக்கு நடுவுல நடக்குறதுக்குப் பேரு டிரெக்கிங்காம், அதுக்கு நீ காசு கட்டுறியாம். நாளைக்கு எவனாவது எங்க லயத்துக்கு வெள்ளையடிச்சு ‘ஹெரிட்டேஜ் காட்டேஜ்’னு போர்டு மாட்டுனா, உன் ஆத்தா பொறந்த ரூமுக்கே அட்வான்ஸ் கட்டி ரசீது வாங்குவே.

வாகமணுக்குப் போறியா? போ. நல்ல புல்மேடு, பைன் காடு. தங்கள்பாறை, முருகன்மலை, குரிசுமலைன்னு மூணு சாமிக்கும் மூணு குன்னு; ஒருத்தரை ஒருத்தர் எட்டிப் பாத்துக்கிட்டு ஒரு வம்பும் இல்லாம இருக்காங்க. குரிசுமலை ஆசிரமத்தை 1958-ல ஆரம்பிச்ச பிரான்சிஸ் ஆச்சார்யா பெல்ஜியத்துக்காரரு. வந்தாரு, காவி கட்டுனாரு, மாடு வளத்தாரு, இங்கேயே இருந்துட்டாரு. வெளிநாட்டுல இருந்து வந்து பாக்குறதுன்னா அப்படிப் பாக்கணும்.

வாகமண்ல 2023-ல கண்ணாடிப் பாலம் ஒண்ணு தொறந்தாங்க. 40 மீட்டர் நீளம், அந்தரத்துல நீட்டிக்கிட்டு நிக்கும். காலுக்குக் கீழே பள்ளம் தெரியுதுன்னு காசு குடுத்து ஏறி, கண்ணை மூடிக்கிட்டு எறங்கி வர்றாங்க. எங்க வீட்டுப் பொம்பளைங்க அந்தச் சரிவுல எல்லாம் மழையில, சாக்குப் படங்கைக் கட்டிக்கிட்டு, முதுகுல கூடையோட நின்னாங்க. அப்பக் கண்ணாடியும் இல்லை, பாலமும் இல்லை, காலுல செருப்பும் இல்லை. சாயங்காலம் எடை குறைஞ்சா ஏச்சு மட்டும் இருந்துச்சு. அந்தத் திரில்லுக்கு எவனும் டிக்கெட் அடிக்கலை.

தேக்கடிக்கு வருவோம். ஏரியில போட்டிங் போகணும்னு எழுதியிருக்கே. ஏரின்னு நீ சொல்லுறது அணைத்தண்ணி, மருமகனே. 1895-ல பென்னிகுயிக் கட்டி முடிச்ச முல்லைப்பெரியாறு அணைக்குப் பின்னாடி தேங்கி நிக்கிற தண்ணி. 1886-லயே திருவிதாங்கூர் சமஸ்தானமும் வெள்ளைக்கார சர்க்காரும் 999 வருசத்துக்குக் குத்தகை எழுதிக்கிட்டாங்க. மேக்கே கடலுக்குப் போய்க்கிட்டிருந்த ஆத்துல ஒரு பங்கை மலையைக் கொடைஞ்சு கெழக்கே திருப்பி விட்டாங்க. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம்னு அஞ்சு ஜில்லா அந்தத் தண்ணியைக் குடிக்குது, வெதைக்குது. தண்ணிக்குள்ள அங்கங்க பட்டமரம் நிக்கும். அதுல உக்காந்த நீர்க்காகத்தை நீ வளைச்சு வளைச்சுப் படம் எடுப்பே. அந்த மரமெல்லாம் அன்னைக்கு முங்கிப்போன காட்டோட மிச்சம். அணையைப் பத்தி மட்டும் படகுல வாயைத் தொறக்காதே. ஒரு பக்கம் மலையாளி, ஒரு பக்கம் தமிழன் உக்காந்திருப்பான், அணைச் சண்டையைப் போட்டே யானையைப் பாக்க விடமாட்டாங்க.

யானை வரலைன்னு டிக்கெட் குடுத்தவன்கிட்ட சண்டை போடாதே. உன் போட்டிங் நேரத்துக்குக் கரைக்கு வர்றேன்னு அது எவனுக்கும் எழுதிக் குடுக்கலை. அப்புறம் லைஃப் ஜாக்கெட். அதைப் போட்டா சட்டை டிசைன் தெரியலைன்னு கழட்டி மடியில வச்சுக்கிறவனை நான் கண்டிருக்கேன். 2009 செப்டம்பர் 30-ந் தேதி இதே தண்ணியில ஒரு படகு கவுந்து 45 பேர் போனாங்க. இதுல மாமன் வெளையாடலை. மாட்டுன ஜாக்கெட்டைக் கரையேறித்தான் கழட்டணும்.

இப்பக் கவி. வண்டிப்பெரியாத்துல இருந்து வல்லக்கடவு செக்போஸ்ட் வழியாப் போகணும். 2012-ல ‘ஆர்டினரி’ன்னு ஒரு மலையாளப் படம் வந்துச்சு. அதுக்கு அப்புறம்தான் கவின்னு ஒரு ஊரு இருக்கிறது உலகத்துக்குத் தெரிஞ்சுச்சு. அங்க சோறு போடுற அக்கா, காடு காட்டுற அண்ணன் பேசுற தமிழைக் கொஞ்சம் காது குடுத்துக் கேளு. அவங்கள்ல நெறையப் பேரு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல இருந்து திரும்பி வந்த குடும்பம். 1964-ல இலங்கைப் பிரதமர் சிறிமாவோ அம்மாவும் நம்ம பிரதமர் சாஸ்திரி அய்யாவும் உக்காந்து ஆளைப் பங்கு பிரிச்சாங்க: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சத்தை அப்புறம் பாத்துக்கலாம்னு. தேங்காயைப் பங்கு வைக்கிறதுக்குக் கூட அதைவிட நேரம் எடுப்போம் நாங்க. அப்படி வந்தவங்கள்ல கொஞ்சப் பேரைக் கேரளா வன வளர்ச்சிக் கழகத்து ஏலக்காட்டு வேலைக்குக் கவியில குடிவச்சாங்க. அவங்க தாத்தன் பாட்டி அழகு பண்ணி வச்ச நுவரெலியா உன் லிஸ்ட்டுல வெளிநாடு. அவங்க இருக்கிற கவி உன் லிஸ்ட்டுல உள்நாடு. எது உள்நாடு எது வெளிநாடுன்னு அவங்களைக் கேட்டா சிரிப்பாங்க. நீயும் சிரிச்சுக்கிட்டே யோசி.

சரி, நுவரெலியாவுக்கே போவோம். ஆறாயிரம் அடி ஒசரம், நல்ல குளிரு. அங்க ஜேம்ஸ் டெய்லர்னு ஒருத்தரு 1867-ல கண்டிப் பக்கத்துல தேயிலை போட்டாருன்னு பலகை பலகையா எழுதி வச்சிருப்பாங்க. போட்டவரு பேரு இருக்கும். குழி வெட்டுனவன் பேரு இருக்காது. குழி வெட்டுனவன் தமிழ்நாட்டுல இருந்து கப்பலேறிப் போனவன். எல்லைக்கும் தெமோதரைக்கும் நடுவுல 1921-ல கட்டுன ஒம்பது வளைவுப் பாலம் இருக்கு. அதுல ரயில் போறப்ப வாசல்ல தொங்கிக்கிட்டுப் படம் எடுக்கிறது இப்ப பேஷனாம். நீ தொங்காதே. உன் ஆத்தாளுக்கு நான் பதில் சொல்ல முடியாது.

கேமரன் மலையும் அப்படித்தான். 1885-ல வில்லியம் கேமரன் அளக்கப் போனாரு, மலைக்கு அவரு பேரு. 1929-ல அங்க ‘போ’ டீக் கம்பெனி தொடங்குனாங்க. கொழுந்து கிள்ள நம்ம சனம் போச்சு. இன்னைக்கு அங்க வங்காளதேசத்துப் பயலுக, நேபாளத்துப் பயலுக. இங்க எங்க தோட்டத்துல ஜார்க்கண்ட், அசாம் புள்ளைங்க. தேயிலை அசாம்ல இருந்து வந்துச்சு. இப்பக் கையும் அங்கேயிருந்தே வருது. நீ ஊர் ஊராப் போயி ஒரே மலையைத்தான் பாக்கப் போறே. டிக்கெட் வெலை மட்டும் மாறும்.

சுவிட்சர்லாந்துக்கும் போகணுமா? பேத்தி வாசிச்சுச் சொன்னா. யுங்ஃப்ராவ்யோக்குன்னு 3,454 மீட்டர் ஒசரத்துல ஒரு ரயில் ஸ்டேசன், 1912-லயே மலையைக் கொடைஞ்சு போட்டிருக்கான். அம்புட்டு ஒசரத்துக்கு அம்புட்டுக் காசு குடுத்து ஏறி, பனியைக் கண்ட மறுநிமிசம் நீ ‘இங்க தயிர்சாதம் கெடைக்குமா’ன்னுதான் தேடப் போறே. ஆஸ்திரியாவுல ஹால்ஸ்டாட்னு ஒரு ஊராம். குடியிருக்கிற சனம் 800 கூட இல்லை; கூட்டமான நாள்ல பத்தாயிரம் பேரு வந்து எறங்குறாங்களாம். 2023-ல ஊருக்காரங்க, செல்பி எடுக்கிற எடத்துல பலகை வேலி வச்சே மறைச்சுப் பாத்தாங்க. சீனாக்காரன் 2012-லயே அந்த ஊரை அச்சு அசலாத் தன் நாட்டுல கட்டிட்டான். எனக்கு அந்த யோசனை ரொம்பப் புடிச்சிருக்கு. சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு பீர்மேட்டைக் கட்டிருங்க, ஏ.சி. போட்டு மூடுபனியும் விடுங்க. எங்க ரோடு கொஞ்சம் மூச்சு விடும்.

சிரிக்காதே, நெலைமை அப்படித்தான் போகுது. வெனிஸ்ல 2024-ல கூட்டமான நாள்ல வந்துட்டுப் போறவன்கிட்ட அஞ்சு யூரோ நுழைவுக் காசு வாங்க ஆரம்பிச்சான். அதே வருசம் மே 7-ல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுத்துத்தான் போகணும்னு சென்னை ஹைகோர்ட்டே சொல்லிருச்சு. மலையைப் பாக்கப் போயி முன்னாடி போற காரோட பின்பக்கத்தைப் பாத்துட்டு வர்றதுக்குப் பாஸ் வேற.

மழையைப் பத்திச் சொல்லுறேன்னேனே. ஜூன்ல இருந்து எங்க மலையில தண்ணி பேசும். ‘ரெட் அலர்ட்’னு போட்டா அது உனக்கு அட்வென்ச்சர், எங்களுக்கு ராத்திரி முழுக்க முழிப்பு. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறுக்கு அங்கிட்டு பெட்டிமுடியில லயத்து மேலேயே மலை எறங்கி 70 பேர் போனாங்க. அம்புட்டும் நம்ம சனம். 2021 அக்டோபர்ல எங்க தாலுகாவுலயே கொக்கையாறுல மண்ணு சரிஞ்சு வீட்டோட போனவங்க உண்டு. அந்த நேரத்துல ‘மூடுபனி சூப்பர்’னு வண்டியை எடுத்துக்கிட்டு வந்து, மாட்டிக்கிட்டு, எங்க பயலுகளைக் கயித்தோட எறங்க வைக்காதே. மழை நல்லா ஓஞ்சதுக்கு அப்புறம் வா. வார நாள்ல வா. ஞாயித்துக்கிழமை வர்றவனுக்கு ஞாயித்துக்கிழமைக் கூட்டம்தான் காட்சி.

நீலக்குறிஞ்சி எப்ப பூக்கும்னு கேட்டிருக்கே. மூணாறு, இரவிகுளத்துல 2018-ல பூத்துச்சு. பாக்கக் கூட்டம் சேருற நேரத்துல பெரிய வெள்ளம் வந்து ரோட்டையெல்லாம் தூக்கிருச்சு. பூ பாட்டுக்குப் பூத்து, நெறையப் பேரு பாக்காமலே உதுந்துபோச்சு. அதுக்கு ஒரு கொறையும் இல்லை. இனி 2030. பன்னெண்டு வருசம் காத்திருந்து பூக்குற செடிக்கு முன்னாடி நீ பன்னெண்டு நிமிசமாவது போனைப் பைக்குள்ள போட்டுட்டு நில்லு. பறிக்காதே, வனத்துறை கேஸ் போட்டா ஜாமீனுக்கு மாமன் வரமாட்டேன்.

கடைசியா, எங்க போனாலும் இதைச் செய். லிஸ்ட்டுல ஒரு எடத்தை வச்சுக்க, மத்ததை அடி. உள்ளூர்க்காரன் வீட்டுல தங்கு, உள்ளூர்க்காரன் ஜீப்புல ஏறு, கொண்டாந்த பிளாஸ்டிக்கைத் திரும்ப உன் ஊருக்கே கொண்டுபோ. எங்க ஓடைக்கு அது வேண்டாம். கொழுந்தெடுக்கிற பொம்பளையைப் படம் எடுக்கணும்னா வாயைத் தொறந்து கேளு. அவ வேலை செய்யிறா, உன் படத்துக்கு நிக்கலை. அழகா ஒண்ணைக் கண்டா, ‘இதை யாரு செஞ்சா?’ன்னு ஒரு கேள்வி கேளு. ஊட்டியோ நுவரெலியாவோ சுவிட்சர்லாந்தோ, பதில் தெரிஞ்ச ஒரு கெழவனோ கெழவியோ அங்க உக்காந்திருப்பாங்க. அவங்க பக்கத்துல ஒரு கட்டஞ்சாயா குடிக்கிற நேரம் இரு. அந்த எடத்தை நீ பாத்ததாக் கணக்கு அப்பத்தான்.

இம்புட்டு யோசனைக்கும் கூலி, என் கடையில கால் கிலோ ஏலக்காய் வாங்கணும். வெலையை மட்டும் ஆன்லைன்ல ஒப்பிட்டுப் பாக்கக் கூடாது. சுவிட்சர்லாந்துக்குச் சேத்து வச்ச காசு அப்படியே இருக்கட்டும், அந்த மலையும் ஓடிப்போகாது. மொதல்ல பீர்மேட்டுக்கு உன் ஆத்தாளைக் கூட்டிக்கிட்டு வா. எந்தச் சரிவுல யாரு நட்ட செடின்னு அவளுக்குத் தெரியும்; கைடுக்குக் குடுக்குற காசும் உனக்கு மிச்சம்.